இரும்புக் குதிரையும் கூச்சக்காரக் காதலனும்

உத்திரமேரூருக்கு ரெயில் கிடையாது.

ரெயில் ஏற வேண்டுமா? காஞ்சீபுரத்துக்குப் போக வேண்டும். அல்லது மதுராந்தகம் போக வேண்டும். இல்லாவிட்டால் செங்கல்பட்டு. எங்கே போவதானாலும் முதலில் பஸ் ஏறியாக வேண்டும்.

ஆனால் ரெயில் வராத ஊர்களுக்கும் ஒரு காலத்தில் ரெயில் வந்தது. புகை விட்டுக்கொண்டு வந்தது. சத்தம் மட்டும் போடவில்லை. தண்டவாளத்தில் வரவில்லை, வெள்ளைத் துணியில் வந்தது!

ஆம். கூடாரக் கொட்டகையில், சினிமாத் திரையில் வந்த ரெயில் அது.

சினிமா பிறந்தபோதே ரெயிலும் அதில் ஏறிக்கொண்டது. 1896ஆம் ஆண்டு ஜூலை 7ந் தேதி பம்பாயில் வாட்சன் ஓட்டலில் படம் காட்டினார்கள். நம் நாட்டில் சினிமாவின் கதை அன்றுதான் தொடங்கியது. அன்று காட்டிய சின்னஞ்சிறு படங்களில் ஒன்று, ஸ்டேஷனுக்குள் ரெயில் வந்து நிற்பது.

தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சினிமாவைக் கொண்டு போனவரும் ஒரு ரெயில்வே ஊழியர்தான். அவர் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர். திருச்சியில் ரெயில்வே ஆபீசில் வேலை பார்த்து வந்தார். 1905ஆம் ஆண்டு ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும், சில படங்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் அடித்தார். படம் காட்டினார். ஜனங்கள் திரண்டு வந்தார்கள்.

அந்தப் படங்கள் பேசாது. ஆடும், ஓடும், அழும், சிரிக்கும். பேச மட்டும் பேசாது. அதனால் "ஊமைப் படம்" என்று பெயர்.

நடுநடுவே திரையில் எழுத்து வரும். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் என்ன செய்வது? அதற்கென்று ஓர் ஆள் திரைக்குப் பக்கத்தில் நிற்பார். "இதோ வருகிறான் பார், இவன்தான் திருடன்! அவளை ஏமாற்றப் போகிறான்!" என்று உரக்கச் சொல்வார். பள்ளிக்கூடம் போனவருக்கும், போகாதவருக்கும் ஒரே கதை ஒரே நேரத்தில் புரிந்தது.

அப்படிப்பட்ட ஊமைப் படங்களில் இரண்டைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, குதிரையும் துப்பாக்கியும் நிறைந்த "கவ்பாய்" படம். மற்றொன்று, சிரிக்கச் சிரிக்க ஒரு காதல் கதை. இரண்டிலும் ரெயில் வருகிறது. இரண்டிலும் இரண்டு விரல்களின் கதை இருக்கிறது. அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

ஒரே ஆண்டு

இரண்டும் அமெரிக்கப் படங்கள். இரண்டும் வெளிவந்தது ஒரே ஆண்டு, 1924.

அமெரிக்கப் படத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. அந்தக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் ஓடியவை பெரும்பாலும் அமெரிக்கப் படங்கள்தான். 1927ல் இந்திய சினிமாவைப் பற்றி ஆராய அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தலைவர் நம் சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார். குழுவினர் ஊர் ஊராகப் போய்ப் பலரையும் விசாரித்தார்கள். 1928ல் அறிக்கை கொடுத்தார்கள். இந்தியர்கள் மிகவும் விரும்பிப் பார்த்த படம் "பாக்தாத் திருடன்" என்று அதில் கண்டிருந்தது. டக்ளஸ் பேர்பாங்க்ஸ் நடித்த அந்தப் படமும் 1924ஆம் ஆண்டுப் படம்தான்!

சார்லி சாப்ளின், ஹெரால்ட் லாயிட், எட்டி போலோ போன்றவர்களின் பெயர்கள் அன்றைய சென்னை ரசிகர்களின் வாயில் புரண்டன. எட்டி போலோ குதிரையில் பாய்வார்; சுவர் ஏறிக் குதிப்பார். சாப்ளினும் லாயிடும் வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பார்கள். வீரம் ஒரு பக்கம். சிரிப்பு ஒரு பக்கம். இந்த இரண்டு ருசியையும் நமக்கு முதலில் காட்டியவை ஊமைப் படங்களே.

முதலில் வீரத்தைப் பார்ப்போம்.

கடலும் கடலும்

படத்தின் பெயர் "தி அயர்ன் ஹார்ஸ்". அதாவது, "இரும்புக் குதிரை". ரெயில் என்ஜினுக்குத்தான் அந்தப் பெயர்.

எடுத்தவர் ஜான் போர்ட். அப்போது அவருக்கு வயது 30. பிற்காலத்தில் சிறந்த டைரக்டர் என்று நான்கு முறை ஆஸ்கார் பரிசு பெற்றவர் இவரே.

அமெரிக்கா எவ்வளவு பெரிய தேசம்! கிழக்கே ஒரு கடல். மேற்கே ஒரு கடல். நடுவே மலையும் வனாந்தரமும். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக மாதக்கணக்கில் ஆகும். இந்த இரு கரைகளையும் ரெயில் பாதையால் இணைக்க வேண்டும் என்று ஒரு கனவு. 1862ஆம் ஆண்டு ஜூலை 1ந் தேதி அதற்கான சட்டத்தில் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வேடிக்கை தெரியுமா? அதற்குச் சரியாக ஆறு ஆண்டுகளுக்கு முன், 1856ல், அதே ஜூலை 1ந் தேதிதான் நம் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரெயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் அது.

அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் வேலையைத் தொடங்கின. ஒரு கம்பெனி கிழக்கிலிருந்து மேற்கு நோக்கித் தண்டவாளம் போட்டது. மற்றொன்று மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வந்தது. 1869ஆம் ஆண்டு மே 10ந் தேதி யூட்டா என்ற இடத்தில் இரண்டு தண்டவாளங்களும் ஒன்று சேர்ந்தன. தங்க ஆணி வைத்துக் கொண்டாடினார்கள்.

இந்தச் சரித்திரத்துக்குள் ஒரு கதையைச் செருகினார் ஜான் போர்ட்.

சிறுவன் கண்ட கை

டேவி ஒரு சிறுவன். அவனுடைய தகப்பனார் நிலம் அளப்பவர். ரெயில் பாதைக்கு வழி தேடி மேற்கே புறப்படுகிறார். மகனையும் கூட்டிக்கொண்டு போகிறார். மலைக்கு நடுவே ஒரு நல்ல கணவாயைக் கண்டுபிடிக்கிறார். "இந்த வழியாகத்தான் ஒரு நாள் ரெயில் போகும்" என்று பூரித்துப் போகிறார்.

அன்றிரவே அவர் கொல்லப்படுகிறார். கொன்றவன் பூர்வகுடி மனிதனைப் போல வேஷம் போட்ட ஒரு வெள்ளைக்காரன். ஒளிந்திருந்து பார்த்த சிறுவனுக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் பார்த்துவிடுகிறான். கொலைகாரனின் வலது கையில் இரண்டே விரல்கள்!

ஆண்டுகள் ஓடுகின்றன. டேவி வாலிபன் ஆகிறான். ஜார்ஜ் ஓபிரியன் என்ற கட்டுமஸ்தான நடிகர் டேவியாக வருகிறார். அவன் ரெயில் பாதை போடும் கூட்டத்தில் சேருகிறான். சிறு வயதில் உடன் விளையாடிய மிரியம் என்ற பெண்ணை அங்கே சந்திக்கிறான். அவளுக்கோ வேறொருவனுடன் நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை ஓர் என்ஜினீயர். ஆனால் நல்லவன் அல்ல. லஞ்சம் வாங்கிக்கொண்டு, டேவி மலையில் கயிற்றைப் பிடித்து இறங்கும்போது கயிற்றை அறுத்துவிடுகிறான்.

டேவி பிழைக்கிறான். கடைசியில் பெரிய சண்டை நடக்கிறது. அதில் அந்த இரண்டு விரல் கையை நேருக்கு நேர் பார்த்துவிடுகிறான். தகப்பனைக் கொன்றவனுக்குக் கணக்குத் தீர்க்கிறான்.

காதல் என்ன ஆயிற்று? மனஸ்தாபத்தில் டேவி எதிர்த் திசைக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுகிறான். இந்தப் பக்கத்திலிருந்து அவள் வருகிறாள். அந்தப் பக்கத்திலிருந்து அவன் வருகிறான். தண்டவாளம் சேருகிற இடத்தில் அவர்களும் சேருகிறார்கள்.

கதை இவ்வளவுதான். ஆனால் படத்தின் பெருமை கதையில் இல்லை. கண்ணுக்கு விருந்தான காட்சிகளில் இருக்கிறது. நெவாடா மாநிலத்தில், பனி கொட்டும் குளிரில் படம் பிடித்தார்கள். படக் குழுவினர் ரெயில் பெட்டிகளிலும் கூடாரங்களிலும் தங்கினார்கள். நூற்றுக்கணக்கான ஆட்கள் சம்மட்டி அடிக்கிறார்கள். மாட்டு மந்தைகள் ஆற்றைக் கடக்கின்றன. பாதை முன்னேறும்போது ஓர் ஊரே பிரிக்கப்பட்டு ரெயிலில் ஏற்றப்படுகிறது! பலகை, கூரை, சாராயக்கடை எல்லாம் வண்டியில் ஏறுகின்றன. அடுத்த இடத்தில் இறங்குகின்றன. அங்கே மறுபடியும் ஊர் எழும்புகிறது.

யாருடைய நிலம்?

பார்க்கும்போது பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் படம் முடிந்த பிறகு ஒரு கேள்வி எழுகிறது. அந்த நிலம் யாருடையது?

அங்கே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் பூர்வகுடி மக்கள். அந்தக் காலத்தில் அவர்களைச் "செவ்விந்தியர்" என்று சொன்னார்கள். அவர்கள் வேட்டையாடிய காட்டெருமைக் கூட்டங்களை ரெயில் பாதை பிளந்தது. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அவற்றை லட்சக்கணக்கில் சுட்டுத் தள்ளினார்கள். எருமை போனது; சோறு போனது; நிலமும் போனது. படத்தில் அவர்கள் குதிரையில் வந்து ரெயிலைத் தாக்குகிறவர்களாகவே பெரிதும் வருகிறார்கள். ஏன் தாக்கினார்கள் என்று படம் அதிகம் கேட்கவில்லை.

இன்னொன்று. மேற்கிலிருந்து பாதை போட்ட கம்பெனியில் வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளிகள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மலையைக் குடைந்தவர்கள் அவர்கள். பனிச் சரிவில் மாண்டவர்களும் அவர்கள். படத்தில் சீனத் தொழிலாளிகள் தலை காட்டுகிறார்கள். ஆனால் கதாநாயகன் வெள்ளைக்காரன்தான்.

தேர் ஓடினால் நாம் தேரைத்தான் பார்க்கிறோம். வடம் பிடித்த கையை யார் பார்க்கிறார்கள்? இந்தப் படமும் அப்படித்தான்.

தையற்கடைப் பையன்

இனி இரண்டாவது படத்துக்கு வருவோம்.

"கேர்ள் ஷை" என்பது அதன் பெயர். "பெண் என்றால் கூச்சம்" என்று பொருள் சொல்லலாம். கதாநாயகன் ஹெரால்ட் லாயிட். வட்டக் கண்ணாடி போட்டு, உயரமான கட்டடத்தில் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கும் ஒருவரின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்களே, அவரேதான். அது 1923ல் வந்த வேறொரு படத்தின் காட்சி.

"கேர்ள் ஷை" அவர் சொந்தக் கம்பெனி தொடங்கி எடுத்த முதல் படம். இதில் அவர் மலையேறவில்லை. துப்பாக்கி எடுக்கவில்லை. ஒரு சிற்றூரில் மாமாவின் தையற்கடையில் வேலை பார்க்கும் பையனாக வருகிறார். படத்திலும் அவன் பெயர் ஹெரால்ட்தான்.

இவனுக்கு ஒரு குறை. பெண்களிடம் பேசினால் வாய் திக்கும். ஒரு சொல் வெளியே வராது. விசில் சத்தம் கேட்டால்தான் திக்கல் நின்று பேச்சு வரும்!

பேசவே தெரியாத இந்தப் பையன் ராத்திரியில் என்ன செய்கிறான் தெரியுமா? புத்தகம் எழுதுகிறான். என்ன புத்தகம்? பெண்களின் மனத்தைக் கவருவது எப்படி என்று மற்ற வாலிபர்களுக்குப் பாடம் சொல்லும் புத்தகம்! ஒவ்வோர் அத்தியாயத்திலும் அவனே பெரிய மன்மதன். அழகிகள் அவன் காலில் விழுகிறார்கள். எல்லாம் கற்பனை. விடிந்தால் ஊசியும் நூலும்தான்.

நாய் செய்த உதவி

எழுதி முடித்த புத்தகத்தை அச்சடிக்கக் கொடுப்பதற்காகப் பட்டணத்துக்கு ரெயில் ஏறுகிறான் ஹெரால்ட்.

அதே ரெயிலில் மேரி என்ற பணக்காரப் பெண் வருகிறாள். ஜொபைனா ரால்ஸ்டன் என்ற நடிகை அந்த வேஷத்தில் நடித்தார். மேரியின் கையில் ஒரு குட்டி நாய். ரெயிலில் நாய் கொண்டு வரக்கூடாது என்பது சட்டம். நாயை ஒளித்து வைக்க வேண்டும். ஹெரால்ட் உதவிக்கு வருகிறான். நாய் சும்மா இருக்குமா? அதன் சத்தத்தை மறைக்க அவன் படாத பாடு படுகிறான். கொட்டகை சிரிப்பில் அதிர்ந்திருக்கும்.

அவள் புத்தகத்தைப் பற்றிக் கேட்கிறாள். அவன் சொல்லத் தொடங்குகிறான். ஆர்வத்தில் திக்கல் மறந்து போகிறது! அவள் கண் கொட்டாமல் கேட்கிறாள். இறங்கும்போது, அவன் நாய் பிஸ்கட் டப்பாவைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறான். அவள் அவன் கொடுத்த தின்பண்டத்தின் டப்பாவை எடுத்து வைத்துக்கொள்கிறாள். "காதல்" என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. இரண்டு காலி டப்பாக்கள் சொல்லிவிட்டன.

ஆனால் அச்சாபீசில் அவன் எழுதியதைப் படித்துவிட்டு எல்லோரும் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். அவனுக்கு மானம் போய்விடுகிறது. "நான் ஏழை. எதற்கும் உதவாதவன். இவளுக்கு நான் தகுந்தவன் அல்ல" என்று நினைக்கிறான். அவள் மனம் தன்னை வெறுக்கட்டும் என்று ஒரு பொய் சொல்கிறான். "உன்னோடு பழகியதெல்லாம் என் புத்தகத்துக்காகத்தான்" என்கிறான். சிரித்துக்கொண்டிருந்த நமக்கு இங்கே தொண்டை அடைக்கிறது.

மனமுடைந்த மேரி, தன்னைச் சுற்றி வரும் ஒரு பணக்காரனைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறாள். அவனோ ஏற்கெனவே மனைவி உள்ளவன்!

இதற்கிடையில் அச்சாபீஸ்காரருக்கு ஒரு யோசனை வருகிறது. காதல் பாடமாக இல்லாவிட்டால் என்ன, நகைச்சுவைப் புத்தகமாகப் போடலாமே! 3,000 டாலருக்குச் செக் அனுப்புகிறார். "புத்தகம் வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள்" என்று நினைத்து, ஹெரால்ட் உறையைப் பிரிக்காமலே கிழித்துப் போடுகிறான். பிறகுதான் உண்மை தெரிகிறது. மாப்பிள்ளையின் மோசடியும் தெரிய வருகிறது. கல்யாணமோ அன்றைக்கே!

ஓட்டம், ஓட்டம்!

ஸ்டேஷனுக்கு ஓடுகிறான். ரெயில் போய்விட்டது.

அங்கே தொடங்குகிறது ஓட்டம். மோட்டார் காரில் போகிறான். கார் கவிழ்கிறது. குதிரையில் போகிறான். டிராம் வண்டியைத் தானே ஓட்டுகிறான். டிராமின் உச்சியில் ஏறித் தொங்குகிறான். போலீஸ்காரரின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறக்கிறான். கடைசியில் இரட்டைக் குதிரை வண்டியில் பட்டணத்துத் தெருவெல்லாம் புழுதி கிளப்பிக்கொண்டு வருகிறான். கவ்பாய் படத்துக் குதிரைகள்கூட இந்தத் தையற்காரன் குதிரைகளிடம் தோற்றுப் போகும்!

கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்டான். அடுத்தது என்ன? தமிழ்ப் படம் பார்க்கிற நமக்குத் தெரியாதா? "நிறுத்துங்கள்!" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். தாலி கட்டப் போகிறவன் கை நின்றுவிடும்.

ஆனால் ஹெரால்டுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. வாய் திக்குகிறது. எல்லோரும் திகைத்துப் பார்க்கிறார்கள். அவன் என்ன செய்வான்? பெண்ணைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறான்!

வெளியே வந்து, "என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?" என்று கேட்க முயல்கிறான். மறுபடியும் திக்கல். அப்போது ஒரு தபால்காரரின் விசில் கைகொடுக்கிறது. கதை சுபம்.

ஊமைப் படத்தில் எல்லோரும் ஊமைதான். அதில் ஒருவனுக்கு மட்டும் பேச்சு வரவில்லை என்று காட்டுவது எவ்வளவு கஷ்டம்! முகத்தாலும் கண்ணாலும் கழுத்து நரம்பாலும் அதைக் காட்டினார் லாயிட். திக்குவாயைக் கண்டு சிரிக்கலாமா என்று கேட்டால், சிரிக்கக்கூடாது என்பதுதான் பதில். படத்தின் தொடக்கத்தில் அப்படிப்பட்ட சிரிப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கல்யாண வீட்டில் அவன் வாய் திக்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது. "ஐயோ, அந்த ஒரு சொல் வந்துவிடாதா!" என்று நம் வாய்தான் துடிக்கும்.

இன்னொரு இரண்டு விரல்

முன்னே சொன்ன இரண்டு விரல்களின் கதைக்கு இப்போது வருவோம்.

"இரும்புக் குதிரை" படத்தில் கெட்டவனுக்கு வலது கையில் இரண்டே விரல். அதுதான் அவனைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம். அது கதைக்காகச் செய்தது.

ஆனால் ஹெரால்ட் லாயிடுக்கு உண்மையிலேயே வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது!

1919ஆம் ஆண்டு விளம்பரத்துக்காகப் புகைப்படம் எடுத்தார்கள். ஒரு பொய் வெடிகுண்டை அவர் கையில் கொடுத்தார்கள். அதன் திரியில் சிகரெட் பற்றவைப்பது போல நிற்க வேண்டும். ஆனால் அது பொய்க் குண்டு அல்ல. கையிலேயே வெடித்துவிட்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போயின. சில காலம் கண்ணும் தெரியவில்லை.

கண் பார்வை திரும்பியது. விரல் திரும்புமா? செயற்கை விரல் வைத்த கையுறையைப் போட்டுக்கொண்டு நடிக்க வந்தார். கடிகார முள்ளில் தொங்கிய கை அதுதான். "கேர்ள் ஷை" படத்தில் ஊசி பிடித்ததும், கடிவாளம் பிடித்ததும் அந்தக் கைதான். ரசிகர்களிடம் அதை அவர் காட்டிக்கொள்ளவே இல்லை.

ஒரு படத்தில் ஊனமான கை என்றால் கொடியவன் கை. மற்றொரு படத்திலோ, நம்மைச் சிரிக்க வைத்த கையே ஊனமான கை. உடம்பில் குறை உள்ளவனைக் கெட்டவனாகக் காட்டும் வழக்கம் நம் படங்களிலும் உண்டு. நொண்டி, ஒற்றைக் கண், முகத்தழும்பு என்று வில்லனுக்கு அடையாளம் வைத்தார்கள். அந்த வழக்கத்துக்கு லாயிடின் கையைவிட நல்ல பதில் உண்டா?

எது உயர்ந்தது?

இரண்டு படங்களையும் அடுத்தடுத்து பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

முதல் படம் இரண்டரை மணி நேரம். இரண்டாவது ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. முதல் படத்தில் தேசம் பெரிது. மனிதன் சிறு புள்ளி. இரண்டாவதில் மனிதன் முகம்தான் தேசம். முதல் படத்தில் ரெயில் மலையைக் குடைந்து போகிறது. இரண்டாவதில் ஒரு ரெயில் பெட்டியில் இரண்டு பேர் ஒரே பலகையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இரு கரைகளைச் சேர்ப்பது பெரிய காரியம். ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கூச்சத்தால் வாய் அடைத்துப் போன ஒருவன், தன் மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்கு ஒரு பாதை போடுவது சிறிய காரியமா? அதுவும் மலையைக் குடைகிற வேலைதான்.

என்னைக் கேட்டால், பிரமிப்புக்கு முதல் படம். நெஞ்சுக்கு இரண்டாவது படம். முதல் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினால், அந்தப் பூர்வகுடி மக்களின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது படத்துக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படாது. பாட்டியும் பேரனும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள்.

இரண்டையும் இன்று வீட்டிலேயே பார்க்கலாம். 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ந் தேதியிலிருந்து அமெரிக்கச் சட்டப்படி 1924ஆம் ஆண்டுப் படங்கள் பொதுச் சொத்து ஆகிவிட்டன. கைப்பேசி இருந்தால் போதும்.

நம் படங்கள் எங்கே?

இங்கேதான் மனம் கனக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் எடுத்த படத்தை உத்திரமேரூரில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. அதே காலத்தில் சென்னையில் எடுத்த படத்தைப் பார்க்க முடியுமா?

முடியாது.

சென்னையில் மோட்டார் உதிரி பாகங்கள் விற்று வந்த ஆர். நடராஜ முதலியார், கீழ்ப்பாக்கத்தில் ஸ்டூடியோ அமைத்து, 1918 வாக்கில் "கீசக வதம்" என்ற படத்தை எடுத்தார். தமிழ்நாட்டில் எடுத்த முதல் கதைப்படம் அது. தமிழிலும் எழுத்து காட்டினார். இன்று அதில் ஒரு சுருள்கூட இல்லை. புதுக்கோட்டையிலிருந்து பம்பாய் போய்ப் புகழ் பெற்ற பயில்வான் நடிகர் ராஜா சாண்டோ, சென்னைக்குத் திரும்பி "பேயும் பெண்ணும்", "அநாதைப் பெண்" போன்ற படங்களை எடுத்தார். அவையும் இல்லை. தென்னாட்டில் எடுத்த ஊமைப் படங்கள் நூற்றுக்கும் மேல். முழுக் கதைப்படமாக மிஞ்சியது "மார்த்தாண்ட வர்மா" ஒன்றுதான்.

அது எப்படித் தப்பியது? நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர்ராஜ் அந்தப் படத்தை எடுத்தார். நாவலின் உரிமையைப் பற்றி வழக்கு வந்தது. படம் பறிமுதல் ஆனது. பூட்டி வைத்த இடத்திலேயே கிடந்தது. 1974ல் புனாவில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. வழக்கு வந்ததால் படம் பிழைத்தது! ஓடிய படங்கள் எல்லாம் அழிந்தன. ஓடாமல் முடங்கிய படம் நிலைத்தது.

ஏன் அழிந்தன? அந்தக் காலத்துப் பிலிம் எளிதில் தீப்பற்றும். உஷ்ணத்தில் கெட்டுப் போகும். பேசும் படம் வந்ததும் ஊமைப் படத்துக்கு விலை போய்விட்டது. யாரும் பாதுகாக்கவில்லை. அமெரிக்காவிலும் இந்தக் கதி உண்டு. அங்கே எடுத்த ஊமைக் கதைப்படங்களில் பத்தில் ஏழு இன்று இல்லை. ஹெரால்ட் லாயிட் தம் படங்களின் உரிமையைத் தாமே வைத்துக்கொண்டு, வீட்டிலேயே பெட்டகம் கட்டிப் பாதுகாத்தார். அங்கேயும் 1943ல் தீப்பிடித்தது. அவருடைய பழைய படங்கள் பல எரிந்தன. "கேர்ள் ஷை" தப்பியது. ஒருவர் அக்கறையாக வைத்திருந்ததால்தான் இன்று நாம் சிரிக்கிறோம்.

கல்லும் பிலிமும்

உத்திரமேரூருக்குத் திரும்புவோம்.

அங்கே வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பது எப்படி என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். ஓலைகள் போய்விட்டன. குடம் போய்விட்டது. எடுத்த சிறுவனும் போய்விட்டான். கல்லில் எழுதியது 1,100 ஆண்டுகள் தாண்டி நிற்கிறது.

பிலிமைக் கல்லில் வெட்ட முடியாது. கூடாரக் கொட்டகைகளும் இன்று இல்லை. மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்து படம் பார்த்த பெரியவர்கள் சிலர் மட்டும் இன்னும் இருக்கிறார்கள். எங்கே கொட்டகை இருந்தது? டிக்கெட் என்ன விலை? முதலில் பார்த்த படம் எது? யார் கூட்டிப் போனார்கள்? அவர்களிடம் கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். புதிதாக எழுதக் கற்றுக்கொண்டவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம். வீட்டில் பழைய பாட்டுப் புத்தகமோ, சினிமா நோட்டீசோ இருந்தால் அடுப்புக்குப் போடாதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து "கேர்ள் ஷை" பாருங்கள். திரையில் ஆங்கில எழுத்து வரும்போது வீட்டில் படித்த பிள்ளை உரக்கத் தமிழில் சொல்லட்டும்.

அந்தக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்ற ஆள் செய்த வேலை அதுதான்.